வெள்ளி, சனி, ஞாயிறு மாத்திரை இல்லை

ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை, என் சிறுநீர் வெளுத்துவிட்டதா என்று பார்ப்பது. வெளுத்திருந்தால் குளித்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு சபைக்குப் போவேன். செம்மஞ்சளாகக் கொஞ்சம் சாயம் தெரிந்தாலும் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொள்வேன். மூன்று மாதம் இப்படித்தான் வாழ்ந்தேன். படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் இப்போது சில நாள் வருகிறது. அன்று பயம்தான் வந்தது.

என் பெயர் எஸ்தர். பென்னாகரத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். வீட்டுக்காரர் தங்கராசு, குட்டியானை என்று எல்லாரும் சொல்கிற சின்ன சரக்கு வண்டியில் தக்காளி ஏற்றுகிறார். ஒரே மகள் ரூத், பதினோராம் வகுப்பு. எனக்குக் காசநோய் வந்து, மருந்து முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த நோயில் யாரும் என் போல முட்டாள்தனம் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் சபையில் மருந்து சாப்பிட மாட்டோம். காய்ச்சல் என்றாலும் கை முறிந்தாலும் ஜெபம்தான். சபையை நடத்துகிற ஐயா வந்து நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபிப்பார். முடியாமல் மருந்து எடுத்தவர்கள் அதை ஐயாவிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு ஞாயிறு பந்தியில், இயேசுவின் நினைவாகக் கொடுக்கிற அப்பமும் திராட்சரசமும் கிடையாது. உடம்பில் மருந்தோடு கர்த்தருடைய பந்தியில் கை வைப்பது, ஒரு கையில் அவரையும் மறு கையில் டாக்டரையும் பிடித்துக்கொள்வது என்பார்கள்.

இந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்குள் வந்தது என் அம்மாவால். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மாவுக்கு வயிற்றுக்குள் ஏதோ புண். பாட்டில் பாட்டிலாக மருந்து குடித்து, எலும்பும் தோலுமாகக் கிடந்தார். ஒருநாள் விடியற்காலையில் எழுந்து, "போதும்னு கர்த்தர் சொல்லிட்டாருடி" என்று சொல்லி, இருந்த மருந்தையெல்லாம் சாக்கடையில் ஊற்றினார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் களை வெட்டினார், தண்ணீர் சுமந்தார், என் பிரசவம் பார்த்தார். அதை நான் கண்ணால் கண்டவள். இன்றும் நம்புகிறேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு தலைவலி மாத்திரைகூட நுழைந்ததில்லை.

வீட்டுக்காரர் மட்டும் வண்டியில் டேஷ்போர்டுக்குள் ஒளித்து வைத்திருப்பார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

போன வருடம் இருமல் பிடித்தது. இரண்டு மாதமாகியும் விடவில்லை. சாயங்காலமானால் கணகணவென்று காய்ச்சல், படுத்தால் வியர்வையில் தலையணை நனையும். என் ஜாக்கெட்டுகளை நானே இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். ஐயா மூன்று முறை வந்து ஜெபித்தார். கடைசியில் தங்கராசு, "நீ செத்தா மோட்சத்துக்குப் போயிருவ. நாங்க இங்கதான இருக்கோணும்? ரூத்துக்கு ஒட்டிக்கிச்சுன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பியது. அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். காலையில் எழுந்ததும் வருகிற சளியை ஒரு டப்பாவில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். மறுநாளே சொல்லிவிட்டார்கள், நுரையீரலில் டிபி. ரூத்தையும் பரிசோதித்தார்கள், அவளுக்கு ஒன்றுமில்லை.

ஆறு மாதம், நான்கு மருந்து சேர்ந்த பெரிய மாத்திரை தினம் மூன்று, ஒரு நாளும் விடக் கூடாது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் சாயம் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு நாள் விட்டுப் பார்த்தபோது சாயம் போய்விட்டது. அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. சாயம் போனால் மருந்தும் உடம்பைவிட்டுப் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? வெள்ளி, சனி, ஞாயிறு மாத்திரை போடாமல் விட்டால், ஞாயிறு காலை சுத்தமாகப் பந்தியில் உட்காரலாம். திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிக்கலாம். கடவுளுக்கும் குறைவில்லை, நோய்க்கும் குறைவில்லை என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் எனக்குக் குளிர்க்காய்ச்சல் வரும். பல் கிட்டும், எலும்பெல்லாம் வலிக்கும். செவ்வாய்க்கிழமை தெளிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பந்தியில் கை நீட்டியவள் திங்கட்கிழமை மாத்திரையில் கை வைப்பதால் கர்த்தர் அடிக்கிறார் என்று நினைத்தேன். வாராவாரம் அடி வாங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். ஒன்றரை மாதத்தில் இருமல் குறைந்து, முகத்தில் கொஞ்சம் சதை வைத்தது. சபையில் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் ஐயா, "எஸ்தர் சகோதரி, உங்களுக்குக் கர்த்தர் செஞ்சத சொல்லுங்க" என்று கூப்பிட்டார். எழுந்து நின்றேன். இருமலில் செத்துப் பிழைத்தேன், ஒரு மாத்திரையும் தொடவில்லை, கர்த்தர் சுகம் கொடுத்தார் என்று சொன்னேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து அப்படியே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்தச் சபையில் சின்ன வயதிலிருந்து அந்த வாக்கியத்தைத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். கூரை அதிர அல்லேலூயா சொன்னார்கள்.

இரண்டாம் மாத முடிவில் சளியை மறுபடி பார்த்தார்கள். கிருமி இன்னும் இருந்தது. "ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டார்கள். "போடறனுங்க" என்றேன். பொய் சொல்வது எனக்குப் பழகிவிட்டிருந்தது.

மூன்றாவது மாதத்தின் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கல்யாணப் பிளவுஸ் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். தொண்டை கமறியது. இருமினேன். மடியிலிருந்த சந்தன நிறப் பட்டில் ரத்தம். துடைக்கப் போனால் இன்னும் ஒரு கை ரத்தம் வருகிறது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயம். தங்கராசு இறக்கிக்கொண்டிருந்த தக்காளியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் வண்டியிலேயே தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாயாடி மனுஷன் பேசாமல் வண்டி ஓட்டியதுதான் எனக்கு ரத்தத்தைவிடப் பெரிய பயமாக இருந்தது.

நெஞ்சு நோய் வார்டில் சேர்த்தார்கள். ஜன்னல்களெல்லாம் திறந்தே கிடக்கும், எல்லோரும் முகக்கவசம் போட்டிருப்பார்கள். எதிர்க் கட்டிலில் ஒரு அம்மா மூச்சு வாங்குகிற சத்தம் இரவும் பகலும் கேட்கும். அந்தச் சத்தம் கொஞ்சம் நின்றால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ரூத் வாசலோடு நிறுத்தப்பட்டாள். அங்கிருந்தே கையை ஆட்டிவிட்டு, அவளே செய்த ரசத்தை அப்பாவிடம் கொடுத்து அனுப்புவாள். உப்பு இருக்காது. ஒரு சொட்டு விடாமல் குடிப்பேன்.

நர்ஸ் ஷாஹிதா தருமபுரிக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாளே என் பழைய சீட்டுகளையெல்லாம் விரித்து வைத்துக் கேள்வி கேட்டார்.

"காய்ச்சல் தினமும் வருதாக்கா?"

"இல்லீங்க சிஸ்டர். திங்கக்கிழமை மட்டுந்தான்."

"திங்கக்கிழமை மட்டுமா?" பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது என்னக்கா, காய்ச்சலுக்குக் கிழமை தெரியுமா? ஞாயித்துக்கிழமை மாத்திரை போடறீங்களா?"

போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"சனிக்கிழமை?"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஷாஹிதா என்னைத் திட்டவில்லை. சாயம் விடுகிற அந்த மருந்தை நாள் விட்டுப் போட்டால், மறுபடி போடுகிற அன்று உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடும், குளிர்க்காய்ச்சல் வரும் என்று விளக்கினார். நான் வாராவாரம் வாங்கியது கர்த்தருடைய அடி அல்ல. அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் அவர் அடுத்துச் சொன்னது வேறு. மருந்து விட்டுப்போகிற நாட்களில் கிருமி பிழைத்துக்கொண்டு, அந்த மருந்துக்கே பழகிவிடும். பிறகு அந்த மருந்தைக் கொடுத்தால் கேட்காது. எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று சளியை வைத்துப் பார்க்க வேண்டும்.

"எதுவுமே கேக்கலைன்னா சிஸ்டர்?"

"ரிசல்ட்டு வந்ததும் பாத்துக்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த மூன்று நாள் காத்திருந்ததை எப்படிச் சொல்வது? சாப்பாடு இறங்காது. இருமல் வந்தால் கைக்குட்டையைப் பிரித்துப் பார்க்கவே பயம். ஜெபிக்க வாயைத் திறந்தால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. பொய்ச்சாட்சி சொன்னவள் எந்த முகத்தோடு கேட்பது?

வெள்ளிக்கிழமை காலை டாக்டரம்மா வந்தார். நான்கு மருந்தில் ஒன்று போய்விட்டது, மூன்று இன்னும் கேட்கும். போனதற்குப் பதிலாக வேறொன்றைச் சேர்த்து, முதல் நாளிலிருந்து ஆறு மாதம் ஆரம்பிக்க வேண்டும். "நீங்க திரும்பவும் விட்டு விட்டுப் போட்டா அடுத்ததும் போயிரும்மா. அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல" என்றார். இது புரியாதவள் இல்லை நான். தலையை ஆட்டினேன்.

டாக்டரம்மா போனதும் ஷாஹிதா ஒரு கைப்பிடி மாத்திரை கொடுத்தார். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். அவர் திரும்பியதும் கன்னத்தில் அடக்கி வைத்திருந்ததைத் துணியில் துப்பி, தலையணைக்கு அடியில் வைத்தேன். அன்று வெள்ளிக்கிழமை. நாளை மறுநாள் ஞாயிறு. ஆஸ்பத்திரியில் பந்தியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனாலும் என் கை தானாகச் செய்தது. இதை எழுதும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது.

தங்கராசு தலையணையைச் சரிசெய்ய வந்தவர் துணியைப் பார்த்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

"உங்கம்மா அன்னைக்கு மருந்த எதுக்கு ஊத்துனாங்க?"

"கர்த்தர் சொன்னாரு, ஊத்துனாங்க."

"சரி. உனக்கு சொன்னாரா?"

"அம்மாவுக்கு சொன்னதுதான் எனக்கும்."

"அவங்க கேட்டுட்டு ஊத்துனாங்க எஸ்தரு. நீ என்னைக்காவது கேட்டியா?"

சபையில் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷன், இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு டீ வாங்கப் போய்விட்டார்.

நான் கேட்டதில்லை. நாற்பத்தாறு வயதில், எத்தனையோ ஜெபத்தில், மழை கேட்டிருக்கிறேன், மகளுக்கு மார்க் கேட்டிருக்கிறேன், தையல் மெஷினுக்கு மோட்டார்கூடக் கேட்டிருக்கிறேன். மாத்திரை போடட்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பதில் ஏற்கெனவே தெரியும் என்றிருந்தேன். இத்தனை காலம் அவரைப் பேசவே விடாமல் அவருக்குப் பதில் நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டேன். "ஆண்டவரே, போடட்டுங்களா, வேண்டாங்களா?" அம்மாவுக்குக் கேட்டதுபோல ஏதாவது கேட்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எதிர்க் கட்டில் அம்மாவின் மூச்சுச் சத்தம்தான். முன்னைவிட அதிகமாகப் பயந்துபோனேன். சனிக்கிழமைக் காலை மாத்திரையையும் கன்னத்தில் அடக்கித் துப்பினேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஐயா வந்தார். பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில், வெயிலில், கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் சின்ன எண்ணெய்ப் புட்டியுமாக. அவரைப் பற்றி நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. என் அம்மா இறந்தபோது பாடையைத் தோளில் சுமந்தவர். ரத்தம் வந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தது வீட்டுக்காரர் செய்தது, அதில் என் விசுவாசம் குறையவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வூட்டுக்கு வந்துருங்க சகோதரி. சபையே மூணு நாள் உபவாசம் இருக்கறோம். உங்க சாட்சிய சாத்தான் கெடுக்கப் பாக்கறான்."

என்னைத் தேற்றுவதற்காக அவர் இன்னொன்றும் சொன்னார்.

"உங்க சாட்சி வீணா போகலைங்க. புதுசா வந்திருக்குதே மாதம்மா, சக்கரைக்கு மாத்திரை போட்டுக்கிட்டிருந்த பொண்ணு, அன்னைக்கு நீங்க சொன்னதக் கேட்டு மாத்திரைய நிறுத்திருச்சு. ரெண்டு மாசம் ஆகப்போகுது. எளைச்சுப் போயிருக்குது, ஆனா விசுவாசத்துல உறுதியா நிக்குது."

மாதம்மாவை எனக்குத் தெரியும். சோளக்காட்டில் கூலிக்குப் போகிறவள், முப்பத்தைந்து வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள். என் சாட்சி முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து அழுதவள் அவள்தான். ரத்தம் வந்த அன்றுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. நான் செத்தால் என் பிடிவாதத்துக்குச் செத்தேன் என்று போகும். அவள் செத்தால்? நேற்றுச் சுவரைப் பார்த்துக் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் காத்திருந்த மாதிரி வரவில்லை, அவ்வளவுதான்.

"ஐயா, நான் சொன்னது பொய்யிங்க" என்றேன். தலையணைக்கு அடியிலிருந்த துணியை எடுத்து விரித்தேன். மூன்று மாதக் கதையையும் சொன்னேன். பந்திக்காக நாள் விட்டதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த எண்ணெய்ப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாதம்மாகிட்ட சொல்லிருங்க ஐயா. மாத்திரை போடச் சொல்லுங்க. நீங்க சொன்னா உடனே கேக்கும்."

புட்டியை உள்ளங்கையில் உருட்டினார். "முப்பது வருசமா இதத்தான பிரசங்கம் பண்றன் சகோதரி. மருந்து வேண்டாம்னு படுத்து எத்தன பேரு என் கையிலயே போயிருக்காங்க. இன்னைக்கு நான் வேற சொன்னா, அவங்க எல்லாத்துக்கும் நான் என்ன பதில் சொல்லட்டும்?"

அவர் கண்ணில் இருந்ததும் பயம்தான். ஜெபிக்காமலே எழுந்து போனார். எண்ணெய்ப் புட்டியைக் கட்டில்மேல் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஷாஹிதாவைக் கூப்பிட்டுத் துணியைக் காட்டினேன். "அடப்பாவி அக்கா" என்றார். நேற்றையதைச் சேர்த்துப் போடக் கூடாது, இன்றையது மட்டும் என்று புதிதாகக் கொடுத்தார். அவர் கண்ணெதிரில் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினேன். பிறகு தங்கராசின் போனை வாங்கி மாதம்மாவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, எப்பிடி இருக்கறீங்க? உங்களுக்காகத்தான் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கறன்."

"மாதம்மா, நீ சக்கர மாத்திரைய இன்னைக்கே போடு. நான் மாத்திரை போட்டுத்தான் தேறுனன். சாட்சியில பொய் சொன்னன்."

போனில் கோழி கத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு சபையில கர்த்தர் முன்னால நின்னு சொன்னீங்க. இன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து சொல்றீங்க. எதுங்கக்கா பொய்யி?"

"இப்ப சொல்றதுதான் நிஜம்."

"உங்கள டாக்டருங்க அப்பிடி பேச வெக்கறாங்களோ என்னமோ. எனக்கு தண்ணித் தாகம் தாங்கல, பார்வ மங்கலா இருக்குது. அதெல்லாம் சோதனைன்னுதான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கறன். நீங்களே இப்பிடி சொன்னா நான் யார நம்பறது?"

நான் என்ன சத்தியம் செய்வது? என் வாயில் சத்தியத்துக்கு மதிப்பில்லை என்று அவளுக்கு நானே காட்டிவிட்டேன். "நாளைக்கு வந்து கண்ணால பாரு சாமி. பாத்துட்டு உனக்கு என்ன தோணுதோ செய்யி" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள். அன்று முழுவதும் தங்கராசு போட்ட போன் எதையும் அவள் எடுக்கவில்லை. இரவெல்லாம் அவள் பிள்ளைகள் முகம்தான் எனக்குக் கண்ணில் வந்தது.

ஞாயிறு காலையில் என் மாத்திரையை உடனே கொடுக்க வேண்டாம், கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று ஷாஹிதாவிடம் கெஞ்சினேன். சந்தேகத்தோடு பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், "பதினோரு மணி வரைக்குந்தான்" என்றார். ஒன்பது ஆனது, பத்து ஆனது. வார்டுக்கு வெளியே வராந்தாவில் முகக்கவசத்தோடு உட்கார்ந்து, கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணிக்கு வந்தாள். சபைக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலை, தோளில் மஞ்சள் பை. இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. பக்கத்தில் வர வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எதிர்த் தூணோரம் நின்றாள். ஷாஹிதா மாத்திரைகளைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் கொட்டினார். முகக்கவசத்தை இறக்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, ஒவ்வொன்றாக விழுங்கினேன். மாதம்மா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி மாத்திரை இறங்கியதும் வாயைத் திறந்து காட்டினேன். நாக்கைத் தூக்கியும் காட்டினேன்.

அவள் அழுதாளா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. பையைத் தரையில் வைத்துக் குனிந்து ரொம்ப நேரம் துழாவினாள். அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். இரண்டு மாதமாக அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்திருக்கிறாள்.

"இருங்கக்கா, சக்கர எவ்வளவுன்னு மொதல்ல பாத்துரலாம், அப்புறம் போடலாம்" என்று ஷாஹிதா அவளிடம் போனார். மாதம்மா விரலை நீட்டினாள். பென்னாகரத்தில் அந்நேரம் அப்பத் தட்டு வரிசை வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். எங்கள் இரண்டு பேர் இடமும் அங்கே காலியாக இருந்திருக்கும்.